எல்லையோர ஊர்களுக்கு எந்தக் கணினித் தொலைநோக்கி? நிறுவும் வேலையை வைத்து ஓர் ஒப்பீடு

வாணியம்பாடி, நாட்றம்பள்ளி, பேரணாம்பட்டு, குடியாத்தம் என்று ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களிலும், எல்லைக்கு அப்பால் குப்பத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களிடையேயும், பள்ளி அறிவியல் மன்றத்துக்கு ஒரு கணினித் தொலைநோக்கி வாங்கலாமா என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. பேச்சு எழுந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது விளம்பரத்தில் உள்ள எண்களைத்தான்: நாலாயிரம் வான்பொருள்கள், நாற்பதாயிரம் வான்பொருள்கள், இத்தனை மடங்கு பெரிதாக்கும் திறன். இந்த எண்களை ஒதுக்கி வைத்துவிட்டு வேறொரு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. மாலை ஆறரை மணிக்குப் பெட்டியைத் திறக்கும் ஆசிரியரோ மாணவரோ, ஏழரைக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்கத் தொடங்குவதற்குள், அந்தக் கருவியைப் பிழையின்றி நிறுவி முடிக்க முடியுமா? முடியாத கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் சில மாதங்களில் ஆய்வகப் பீரோவுக்குள் போய்விடும்.

நம் முன்னால் உள்ள வழிகள் நான்கு. மோட்டார்கள் கிடைதளத்திலும் மேல்கீழாகவும் குழாயைத் திருப்பும் ‘அல்ட்-அசிமத்’ வகைக் கணினித் தொலைநோக்கி ஒன்று. பூமியின் அச்சுக்கு இணையாகத் தன் அச்சைச் சாய்த்து நிற்கும் ‘ஈக்குவட்டோரியல்’ தாங்கியில் அமைந்த கணினித் தொலைநோக்கி இரண்டாவது. மோட்டாரே இல்லாமல், கையால் தள்ளித் திருப்பும் பெரிய ‘டாப்சோனியன்’ குழாயைக் கைப்பேசிச் செயலியின் வழிகாட்டலோடு பயன்படுத்துவது மூன்றாவது. கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸே இல்லாமல், படத்தை நேராகக் கைப்பேசித் திரைக்கு அனுப்பும் சீஸ்டார் போன்ற ‘ஸ்மார்ட்’ தொலைநோக்கி நான்காவது.

ஒப்பிடுவதற்கு முன்னால், இந்தக் கணினி செய்யும் வேலையைப் புரிந்துகொள்வது நல்லது. அதனிடம் ஒரு விண்மீன் பட்டியல் இருக்கிறது. ஆனால் தான் எங்கே நிற்கிறோம், இப்போது மணி என்ன, தன் குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற மூன்றும் அதற்குத் தாமாகத் தெரியாது. முதல் இரண்டை நாம் தட்டச்சு செய்கிறோம், அல்லது கைப்பேசியோ ஜி.பி.எஸ். கருவியோ தருகிறது. மூன்றாவதை, தெரிந்த விண்மீன்கள் இரண்டை ஐபீஸின் நடுவில் கொண்டுவந்து நிறுத்திக் காட்டித் தெரிவிக்கிறோம். இதைத்தான் அலைன்மென்ட் என்கிறார்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தால் ஒரு பட்டனை அழுத்தியதும் குழாய் உறுமிக்கொண்டே திரும்பிப்போய் சனிக் கோளின் மேல் நிற்கும். மூன்றில் ஒன்று தவறினாலும் எதிரே வெற்று வானம்தான் தெரியும்.

தவறு பெரும்பாலும் நேரத்தில்தான் நேர்கிறது. பூமி நாலு நிமிடத்துக்கு ஒரு டிகிரி சுழல்கிறது; முழுநிலவின் அகலம் அரை டிகிரி. ஆகவே கடிகாரத்தில் நாலு நிமிடப் பிழை என்பது வானத்தில் இரண்டு நிலவு அகலத்துக்குச் சமம். எங்கள் பகுதியில் வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் ஊருக்குக் கொண்டுவரும் தொலைநோக்கிகள் உண்டு. அவற்றின் கன்ட்ரோலரில், அதாவது பட்டன்களும் சிறு திரையும் உள்ள கைப்பெட்டியில், துபாயின் இருப்பிடமும், கிரீன்விச்சுக்கு நாலு மணி நேரம் முந்திய நேர வலயமும் பதிந்து கிடக்கும். ஊரை மட்டும் வாணியம்பாடி என்று மாற்றிவிட்டு வலயத்தை ஐந்தரைக்கு மாற்றாமல் விட்டால், ஒன்றரை மணி நேர வேறுபாடு 22.5 டிகிரிப் பிழையாகிவிடும். கணினி தன் கற்பனை வானத்தில் ஒன்றரை மணி நேரம் முன்னால் நிற்பதால், கிழக்கே இன்னும் உதிக்காத விண்மீனை உதித்துவிட்டதாக நினைத்துப் பட்டியலில் காட்டும். தேதியிலும் ஒரு பொறி உண்டு. செலஸ்ட்ரான், ஸ்கை-வாட்சர் என்ற இரண்டு தயாரிப்பு நிறுவனங்களின் கன்ட்ரோலர்களும் மாதத்தை முதலிலும் நாளைப் பிறகும் கேட்கின்றன. மார்ச் 5 என்பதை நாம் பழகியபடி 05, 03 என்று போட்டால் கருவி அதை மே 3 என்று எடுத்துக்கொள்ளும். வானம் ஏறக்குறைய 58 டிகிரி திரும்பிவிடும். கோடைகால நேரமாற்றம் பற்றிய கேள்விக்கு இந்தியாவில் எப்போதும் ‘இல்லை’ என்பதே பதில்.

இருப்பிடத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம். வாணியம்பாடி வடக்கே 12 டிகிரி 41 நிமிடம், கிழக்கே 78 டிகிரி 37 நிமிடம் என்ற இடத்தில் உள்ளது. கைப்பேசி வரைபடம் இதையே 12.68, 78.62 என்று தசமமாகக் காட்டும். புள்ளிக்குப் பின்னுள்ள பகுதியை அறுபதால் பெருக்கினால் நிமிடம் கிடைத்துவிடும். பத்து கிலோமீட்டர் தள்ளிய பக்கத்து ஊரின் எண்ணைப் போட்டாலும் வரும் பிழை ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். இரண்டு விண்மீன்களை நிறுத்திக் காட்டும்போது அதில் பெரும்பகுதி சரியாகிவிடும்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். ஈக்குவட்டோரியல் தாங்கியை முதலிலேயே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம் நிலப்பகுதி அதற்கு உகந்ததல்ல என்பதை வெளிநாட்டு அறிவுரைகளைப் படித்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இந்தத் தாங்கியின் அச்சை வடதுருவத்தை நோக்கி, அதாவது துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்க்க வேண்டும். ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் அங்கே துருவ நட்சத்திரம் தெரியும். ஐரோப்பாவில் அது வானத்தின் பாதி உயரத்தில் நிற்கிறது, வாணியம்பாடியில் 12.7 டிகிரி உயரத்தில், நீட்டிய கையின் ஒன்றேகால் முஷ்டி அளவுக்கு அடிவானத்தை ஒட்டிக் கிடக்கிறது. நமக்கு வடக்கே இருப்பதோ ஆந்திரத்தின் காட்டு மலைகள். இரண்டு கிலோமீட்டர் தொலைவில் நாம் நிற்கும் தரையைவிட 400 மீட்டர் உயர்ந்த குன்று ஒன்று இருந்தால் அதன் முகடே 11 டிகிரிக்கு மேல் எழுந்து நிற்கும்; அதன்மேல் மரங்களும், பனியும் புழுதியும் கலந்த மங்கலும் சேர்ந்தால், இயல்பிலேயே அவ்வளவு பிரகாசமில்லாத அந்த விண்மீனை நம்பி எதையும் செய்ய முடியாது. அது மட்டுமல்ல, அச்சை இவ்வளவு தாழ்வாகச் சாய்க்கும்போது சில தாங்கிகளின் சாய்வுத் திருகு அதற்கு மேல் இறங்காது. இறங்கினாலும் எதிர்எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும்.

இது வெறும் பொழுதுபோக்காளர்களின் சங்கடம் அல்ல. நமக்குத் தெற்கே ஜவ்வாது மலையில், காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியை அமைத்தபோது, அதற்கென்று குதிரைலாட வடிவிலான பெரிய தாங்கியைத் தேர்ந்தெடுத்தார்கள். தாழ்ந்த அட்சரேகைக்கு ஏற்றது என்பதும், வடதுருவத்தை ஒட்டிய வானத்தையும் தடையின்றி எட்ட முடியும் என்பதும் அந்த வடிவத்தின் சிறப்பு. 1986 ஜனவரியில் அந்தத் தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. நம் அட்சரேகைக்கு உரிய தாங்கியைத் தனியே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு நம் பக்கத்து மலையிலேயே உள்ள இந்தச் சான்று போதும். நீண்ட நேரத் திறப்பில் விண்முகில்களைப் படமெடுப்பதே நோக்கம் என்றால் ஈக்குவட்டோரியல் தாங்கி இன்றியமையாதது. அதைச் செய்பவர்கள் துருவ நட்சத்திரம் தெரியாமலேயே மென்பொருளின் துணையால் அச்சைச் சரிசெய்யும் முறைகளைக் கற்றுக்கொள்ளலாம். பள்ளி மன்றத்துக்கு அது வேண்டாம்.

டாப்சோனியனை மறுப்பது இவ்வளவு எளிதல்ல. மோட்டாருக்கும் மின்னணுப் பாகங்களுக்கும் செலவழியாத பணம் முழுவதும் கண்ணாடிக்குப் போகிறது. ஏறத்தாழ ஒரே விலைப்பிரிவில் கண்ணாடியின் விட்டம் 130 மில்லிமீட்டர் உள்ள கணினித் தொலைநோக்கியும் 203 மில்லிமீட்டர் டாப்சோனியனும் எதிரெதிரே நிற்கும்போது, பின்னது சேர்க்கும் ஒளி முன்னதைப்போல் சுமார் 2.4 மடங்கு. மே மாத இரவில் தென்வானில் 30 டிகிரி உயரத்துக்கு வரும் ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்தை இந்த இரண்டிலும் பார்த்தால் வேறுபாடு உடனே புரியும்: சிறியதில் மங்கலான உருண்டைப் புகையாக இருப்பது, பெரியதில் விளிம்பிலிருந்து உள்ளே போகப்போகப் பொடிப்பொடி விண்மீன்களாகப் பிரியத் தொடங்கும். வடநாடுகளில் பலருக்கு எட்டாத அந்தக் கொத்து நமக்கு வசதியான உயரத்தில் கிடைப்பது பெரும் பேறு. செலஸ்ட்ரானின் ஸ்டார்சென்ஸ் எக்ஸ்புளோரர் போன்ற அமைப்பில், கைப்பேசியின் கேமரா வானத்தைப் படமெடுத்து, விண்மீன்களின் அமைப்பை வைத்துக் குழாய் பார்க்கும் திசையைக் கண்டறிந்து, ‘இன்னும் இடப்பக்கம் தள்ளு’ என்று திரையில் அம்புக்குறி காட்டும். இரண்டு விண்மீன் அலைன்மென்ட் என்ற வேலையே இதில் கிடையாது. பகலில் ஒருமுறை கேமராவையும் குழாயையும் ஒரே தொலைதூரப் பொருளின் மீது பொருத்தி வைத்தால் போதும்.

பிறகு ஏன் தயக்கம் என்றால், வரிசைதான் காரணம். நூறு மடங்கு பெரிதாக்கும் ஐபீஸில் தெரியும் வானத்தின் அகலம் சுமார் அரை டிகிரி. பூமி சுழலும் வேகத்தில் வியாழன் அந்த அரை டிகிரியை இரண்டு நிமிடத்தில் கடந்து வெளியே போய்விடும். நூற்றைம்பது மடங்கு என்றால் ஒன்றேகால் நிமிடத்துக்குச் சற்று மேல். ஒரு பிள்ளை படி ஏறி, கண்ணைச் சரியான இடத்தில் வைத்து, ‘தெரியல சார்’ என்று சொல்லி, பிறகு ‘ஆ, நாலு புள்ளி தெரியுது’ என்று மகிழ்வதற்கே அரை நிமிடம் ஆகும். நாற்பது பேர் நிற்கும் வரிசையில் மூன்று பேருக்கு ஒருமுறை ஆசிரியர் குழாயைத் தள்ளிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். அவருக்குப் பேசவும் விளக்கவும் நேரமே கிடைக்காது. மோட்டார் உள்ள கருவி வியாழனைத் தானே பின்தொடர்வதால், ஆசிரியர் வரிசைக்குப் பக்கத்தில் நின்று, வியாழனின் நிலவுகளான அந்த நாலு புள்ளிகளை 1610-இல் கலிலியோ எப்படிப் பார்த்தார் என்று தமிழிலும், நம் ஊர்களில் வழக்கம்போல் பாதிப் பிள்ளைகளுக்குத் தெலுங்கிலும் சொல்லிக்கொண்டிருக்கலாம். வீட்டில் தனியாகவோ இரண்டு மூன்று நண்பர்களுடனோ வானம் பார்ப்பவருக்கு நான் தயங்காமல் டாப்சோனியனையே பரிந்துரைப்பேன். கூட்டத்துக்கு அது சரிவராது.

ஆக, மன்றத்துக்கு என் தேர்வு 130 முதல் 150 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள அல்ட்-அசிமத் கணினித் தொலைநோக்கி. இதை நிறுவுவதற்கு வடக்கு தேவையில்லை, துருவ நட்சத்திரம் தேவையில்லை. முக்காலியின் மேல்தட்டை நீர்மட்டக் குமிழியால் சமமாக்கி, பகலிலேயே தேடுகருவியை, அதாவது குழாயின்மேல் குறிபார்ப்பதற்காக உள்ள சிறு கருவியை, தொலைவிலுள்ள கைப்பேசிக் கோபுரத்தின் உச்சியில் வைத்துப் பெரிய குழாயோடு பொருத்திவிட வேண்டும். அப்போது சூரியன் இருக்கும் பக்கமே குழாய் திரும்பக் கூடாது. இருட்டியதும் விண்மீன் தேர்வு. செலஸ்ட்ரான் கருவிகளில் உள்ள ‘ஸ்கை அலைன்’ முறையில் பெயரே தெரியாமல் மூன்று பிரகாசமான பொருள்களைக் காட்டினால் கணினியே பொருத்தம் பார்த்துக்கொள்ளும். பெயர் தெரிந்தவருக்கு இரண்டு விண்மீன் முறையே விரைவானது, பிழை நேர்ந்தால் கண்டுபிடிக்கவும் எளிதானது. ஆகவே மாணவர்களுக்குப் பத்துப் பதினைந்து விண்மீன்களைக் கற்றுக்கொடுத்து இரண்டாவது முறையைப் பழக்குவதே மேல் என்று நினைக்கிறேன்.

இந்த வகைக்கும் நம் அட்சரேகையில் ஒரு பலவீனம் உண்டு. நேர் உச்சிக்கு அருகில் உள்ள பொருளைப் பின்தொடர, கிடைதள மோட்டார் மிக வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். அங்கே அது தடுமாறும். நமக்கோ முக்கியமான விண்மீன்கள் பல உச்சி வழியாகவே போகின்றன. மக நட்சத்திரம் வாணியம்பாடியின் உச்சிப் புள்ளியிலிருந்து ஒரு டிகிரிகூட விலகாமல் கடக்கிறது. ரோகிணி நாலு டிகிரிக்குள் கடக்கிறது. பிப்ரவரி நடுவில் மாலை ஏழரை மணிக்கு ரோகிணி ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்பதால், எளிதில் அடையாளம் தெரிகிறது என்று அதை அலைன்மென்ட்டுக்கு எடுக்கக் கூடாது. தென்கிழக்கில் நடு உயரத்தில் இருக்கும் சிரியஸையும் வடக்கே இருக்கும் பிரம்மஹிருதயத்தையும் (கேபெல்லா) எடுத்தால், இரண்டும் திசையில் நன்றாக விலகி நிற்பதால் கணக்கு துல்லியமாக அமையும். விண்மீனை நடுவுக்குக் கொண்டுவரும்போது கடைசி அசைவை எப்போதும் ஒரே திசைப் பட்டன்களால் முடிக்க வேண்டும். செலஸ்ட்ரான் கருவிகளில் மேல் பட்டனும் வலப் பட்டனும் அதற்குரியவை. பற்சக்கரங்களுக்கு இடையே உள்ள சிறு இடைவெளி அப்போதுதான் ஒரே பக்கம் அடைபடும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, கருவி துல்லியமாக இல்லை என்று குறை சொல்பவர்கள் நிறையப் பேர்.

இந்தப் பிரிவுக்குள் 130 மில்லிமீட்டர் நெக்ஸ்டார் எஸ்.எல்.டி. போன்ற, குழாயின் முன்புறம் திறந்திருக்கும் நியூட்டன் வகைக்கும் 150 மில்லிமீட்டர் நெக்ஸ்டார் 6 எஸ்.இ. போன்ற, முன்புறம் கண்ணாடித் தகடு மூடிய குட்டைக் குழாயுள்ள ஷ்மிட்-காசிகிரெயின் வகைக்கும் இடையே தேர்வு பணத்தைப் பொறுத்தது. முதலாவதன் குவியத்தூரம், அதாவது ஒளி குவியும் தூரம், 650 மில்லிமீட்டர்; இது குறைவாக இருந்தால் ஒரே பார்வையில் தெரியும் வானம் அகலமாகும். கார்த்திகைக் கூட்டம் முழுவதும் ஒரே பார்வைக்குள் அடங்கும். இரண்டாவதன் குவியத்தூரம் 1500 மில்லிமீட்டர். கோள்களுக்கு அருமை, அகன்ற கூட்டங்களுக்கு நெருக்கடி. மார்கழி, தை மாதப் பனியில் ஷ்மிட்-காசிகிரெயினின் முன்கண்ணாடியில் ஈரம் படிந்துவிடும் என்பதால், அட்டையாலோ மெல்லிய பாயாலோ ஒரு நீண்ட உறை செய்து முன்னால் மாட்டிக்கொள்ள வேண்டும். விலை குறைவு, எடை குறைவு என்ற இரண்டையும் பார்த்தால் முதல் கருவியாக நியூட்டன் வகை போதும்.

கைப்பேசிச் செயலி வழியாக இயக்கும் கருவிகளில் நேரமும் இருப்பிடமும் தாமாகவே பதிவாகிவிடுவதால் மேலே சொன்ன தேதிப் பிழைகள் பெரும்பாலும் இல்லை. அதற்கு இணையம் தேவையில்லை; கருவியே தரும் வைஃபையில் இணைந்தால் போதும். ஆனால் அந்த வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டு கைப்பேசி தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுவதுண்டு. டேட்டாவை அணைத்துவிட்டு இணைப்பது நல்ல பழக்கம்.

ஸ்மார்ட் தொலைநோக்கியை நிறுவுவது எல்லாவற்றையும்விட எளிது என்பதில் ஐயமில்லை. சீஸ்டார் எஸ்50 கருவியைச் சமதளத்தில் வைத்துச் செயலியைத் திறந்தால், வானத்தைப் படமெடுத்துத் தன் திசையைத் தானே கண்டுகொள்கிறது. 50 மில்லிமீட்டர் வில்லைதான் என்றாலும், பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பதால், தேசிய நெடுஞ்சாலையின் விளக்கொளி பரவும் ஆம்பூரிலிருந்தும் ஓரியன் விண்முகிலை வண்ணத்தோடு திரையில் காட்டிவிடும். 250 மில்லிமீட்டர் குவியத்தூரத்தில் சனியின் வளையம் மிகச் சிறியதாகத்தான் வரும். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று: சனியிலிருந்து புறப்பட்ட ஒளி ஒரு மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்து தன் கண்ணுக்குள்ளேயே வந்து விழுகிறது என்ற அனுபவத்தை, கைப்பேசித் திரை எவ்வளவு அழகான படத்தைக் காட்டினாலும் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குத் தர முடியாது. பார்வைக் குறைபாடோ மூப்போ காரணமாக ஐபீஸில் கண் வைக்க முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. ஆகவே மன்றத்தின் இரண்டாவது கருவியாக, பின்னர் பணம் சேரும்போது வாங்கலாம்.

எந்தக் கருவியை வாங்கினாலும் நிறுத்தும் இடம் பாதி வேலை. மொட்டை மாடி வசதியானது போல் தோன்றும். ஆனால் பகல் முழுவதும் வெயில் குடித்த கான்கிரீட் இரவு பத்து மணிவரை வெப்பத்தை விட்டுக்கொண்டிருப்பதால் கோள்களின் உருவம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் நெளியும், நாலு பேர் நடந்தால் தளமே அதிர்ந்து ஐபீஸில் தெரியும். பள்ளி மைதானத்தின் மண்தரை இந்த இரண்டு வகையிலும் மேலானது. இருட்டு வேண்டும் என்று பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துக் காட்டோரத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவதை நான் ஏற்கமாட்டேன். எல்லைக்கு அப்பால் கௌண்டின்யா சரணாலயத்தில் யானைகள் இருக்கின்றன, அவை இந்தப் பக்கத்து நிலங்களுக்கும் வருகின்றன. ஊரைவிட்டு ஓரளவு விலகிய, தெற்கு வானம் திறந்த பள்ளி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தலைமையாசிரியரிடம் சொல்லி மைதான விளக்கை அணைத்துவைத்தால் போதும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி முதல் மார்ச் வரை வானம் நன்றாக ஒத்துழைக்கும்.

கடைசியாக மின்சாரம். இந்தச் சிறு கருவிகளில் எட்டு பென்டார்ச் பேட்டரிகளைப் போட இடம் இருக்கும். மோட்டார்கள் அவற்றை விரைவில் தீர்த்துவிடும். மின்னழுத்தம் இறங்கத் தொடங்கினால் கருவி நின்றுபோவதற்கு முன்பே தாறுமாறாகத் திரும்பும், செய்த அலைன்மென்ட் முழுவதும் போய்விடும். கணினிக்கான யு.பி.எஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கிறது. ஓர் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, இடையில் ஃபியூஸ் வைத்து, கருவியில் செருகும் பின்னின் நடுமுனை நேர்மின்னாக இருக்குமாறு வயர் போட்டு வாங்கிக்கொண்டால் ஒரு மாலை நிகழ்ச்சிக்குத் தாராளமாகப் போதும். முனை மாறினால் கருவியின் மின்சுற்று கெட்டுவிடக்கூடும் என்பதால், முதல்முறை செருகுவதற்கு முன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட வேண்டும். அந்த வயர், இருட்டில் பிள்ளைகளின் காலில் மாட்டாதபடி முக்காலியின் கால் ஒன்றோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும்.